வெங்காய வேயெயும் ஒரு வெட்கம் கெட்ட சொல்லும்

ஐந்து லீற்றர் ஜக்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றேன். ஜக்குக்குள் முட்டையும் பாலும் கிறீமும் கொஞ்சம் சாதிக்காய்த் தூளும் அடித்துக் கலந்த கலவை. முன்னால் நீள மேசையில் ஆறு பெரிய தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் மெல்லிதாக விரித்த மா. மாவுக்கு மேல் பட்டரில் வதக்கிய வெங்காயம். வெங்காயத்துக்கு நடுவே நகம் அளவில் வெட்டிய பன்றியிறைச்சித் துண்டுகள்.

மேசையின் மறுகரையில் எங்கள் ஷெஃப் ரெட்டோ நின்றார். சைக்கிள் ஓட்டப் போட்டியில் கொடி அசைப்பவர் போலக் கையைத் தூக்கினார்.

“ஸ்ஸ்ஸிவா! இப்ப குஸ்ஸ்ஸ்!”

எனக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பவானி அக்கா தலையைத் திருப்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாக ஒரு சொல் மட்டும் சொன்னார்.

“விட்டிட்டார்.”

இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்குத் தெரியும், நான் சத்தமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. கலியாண வீடுகளில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறவன். வீடியோக்காரர் கமராவோடு வந்தால் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டுகிறவன். எங்கள் கலியாண வீடியோவிலேயே நான் குறைவு என்று மனைவி சொல்லுவார்.

அன்றைக்கு வந்த சிரிப்பு என்னைக் கேட்டு வரவில்லை. முதலில் மூக்கால் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. தோள் குலுங்க ஜக்கும் குலுங்கியது. கலவை மூன்றாவது தட்டின் கரையைத் தாண்டி, மேசையால் வழிந்து, ஷெஃபின் வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது.

ஷெஃப் சப்பாத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவருடைய வலது கை மெல்ல எழும்பி வாயை மூடியது.

“நீ என்ர பல்லைப் பாத்துச் சிரிக்கிறாய்,” என்றார், கைக்குள்ளால்.

அவர் கதைத்தது சூரிச் பக்கத்து டொச், அதாவது ஜேர்மன் மொழி. அதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். ஆளுக்கு அது பொருந்தும்.

“இல்லை, ஷெஃப்.”

“எட்டுக் கிழமையா நான் பாக்கிறன். நான் வாய் திறந்தா நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கிறியள். இந்தத் தட்டுகளை உள்ள வை. வெந்து வெளியில எடுத்த உடன நீ வீட்ட போ. அந்த இடத்துக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி நான் மேல சொல்லுறன்.”

வெங்காய வேயெ வேக முப்பத்தைந்து நிமிடம். எனக்கு இருந்த நேரமும் அவ்வளவுதான்.

அந்த இடம்

அந்த இடம் என்றால் உதவிச் சமையல்காரன் இடம்.

ஊஸ்டரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு முதியோர் இல்லத்தில் நான் பல வருடங்களாக மணிக்கணக்கு ஆள். மணிக்கணக்கு ஆள் என்றால், கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாளைக்கு வரச்சொல்லுமா, சொல்லாதா? மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வாறன் என்று ஒருநாளும் உறுதியாகச் சொன்னதில்லை. “பாப்பம்” என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதிகம் பாவித்த சொல் அதுதான்.

அந்த வருடம் பழைய உதவிச் சமையல்காரி ஓய்வு பெற்றுப் போனார். ஷெஃப் ஒருநாள் உருளைக்கிழங்குச் சாக்குக்கு மேல் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“சிவா, இந்த இலையுதிர்காலம் முழுக்க வியாழக்கிழமையில அவன் அடுப்பு வேலை உன்னோடது. சுடுறது, வாட்டுறது எல்லாம். கடைசி வியாழன் பெரிய விருந்து. அது சரி வந்தா அந்த இடம் உனக்கு. நிரந்தரமா.”

நான் “ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் புரிந்துகொண்டார்.

சொல்லக் கூடாததைச் சொல்கிறேன்

இதைக் குடும்பத்தோடு இருந்து சத்தமாக வாசிப்பவர்கள், பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே அனுப்பலாம். அல்லது கிட்டக் கூப்பிடலாம். அது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

வேயெ என்பது இந்த நாட்டவர்களின் தட்டையான ஒரு சுட்ட பண்டம். பீற்சாவின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதற்கு மேல் பழம் வைப்பார்கள். குளிர் தொடங்கினால் வெங்காயம், பூசணி, லீக்ஸ், கீரை. எதை வைத்தாலும் கடைசியில் மேலே ஒரு முட்டைக் கலவை ஊற்றவேண்டும். அதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். அந்தக் கலவைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் குஸ்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

முதல் வியாழக்கிழமை ஷெஃப் எனக்குச் செய்முறையைச் சொல்லிக் காட்டினார். “வேயெயின்ர உயிரே குஸ்தான். குஸ் தண்ணியா இருந்தா வேயெ பழுது. குஸ் கூடினா வெளியில வந்திடும். குஸ்ஸை அவசரப்பட்டு விடக்கூடாது, மெல்ல, ஆறுதலா விடவேணும்.”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அந்த இல்லத்தின் சமையலறை நிலத்தில் எத்தனை ஓடு இருக்கிறது என்று அன்றைக்கு எண்ணி முடித்திருப்பேன். பவானி அக்கா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். கழுவாத சட்டியோடு குளிர் அறைக்குள் யாரும் போவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல். அந்த வருட வசந்தகாலத்தில் ஷெஃப் சைக்கிளால் விழுந்து முன்பல் ஒன்றை உடைத்திருந்தார். புதிதாகக் கட்டிய பல் சரியாகப் பொருந்தவில்லை. ‘ஸ்’ வரும் இடமெல்லாம் காற்றுப் போகும். அதனால் அவருடைய வாயில் அது வெறும் குஸ் இல்லை. நீண்டு, மெலிந்து, யாரும் கேட்கக் கூடாதென்று அடக்கி அடக்கி விட்டது போல ஒரு குஸ்ஸ்ஸ்.

மனிதர் நல்லவர். பெரிய உடம்பு, சின்ன மனம். சின்ன மனம் என்றால் கெட்ட மனம் என்று சொல்லவில்லை, கெதியில் காயப்படுகிற மனம். பல் கட்டிய நாள் தொடக்கம் சிரிக்கும்போது கையால் வாயை மூடுவார். நானும் போட்டோவில் அப்படித்தான் நிற்பேன். அதனால் எனக்கு அது விளங்கியது. விளங்கியும் சிரிப்பு வந்தது. மனிதன் எவ்வளவு மோசமானவன் என்று பாருங்கள்.

பவானி அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னை விட எட்டு வயது மூத்தவர். பருத்தித்துறைப் பக்கம். கணவர் இறந்தபிறகு தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வாய் மட்டும் ஓய்வே எடுக்காது. ஷெஃப் குஸ் என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது சொல்லுவார்.

“யன்னலைத் திற, தம்பி.”

“நேற்றுப் பருப்புச் சாப்பிட்டவர் போல.”

“முட்டை கூட. அதான் இந்த மணம்.”

சொல்லிவிட்டு, சாமி கும்பிடுகிற முகத்தோடு தாச்சியை உரஞ்சுவார். மாட்டுப்படுவது நான்தான்.

அவனுக்குள் கிடந்த இடியப்பத் தட்டு

ஷெஃப் செய்முறை சொன்ன அன்றைக்கே வீட்டில் பழகிப் பார்க்க முடிவெடுத்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு அவன் இருந்தது. ஆனால் இந்த நாட்டுத் தமிழ் வீடுகளில் அவன் என்பது அடுப்பு இல்லை, அலுமாரி. வாடகை வீட்டை விட்டுப் போகும்போது வீட்டுக்காரர் வந்து ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அவனில் ஒரு எண்ணெய்த் துளி இருந்தாலும் பிரச்சினை. அதனால் எங்கள் ஆட்கள் நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாவிப்பதே இல்லை. தாச்சி, தோசைக்கல், பெரிய மூடிகள் எல்லாம் அதற்குள்ளே வாழ்ந்தன.

தமிழில் அதன் பெயரும் சங்கடம். மனைவி பக்கத்து வீட்டு வாசலில் நின்று, “அவனுக்குள்ள என்ன கிடக்குதெண்டு எனக்கே தெரியாது” என்று சொன்னதைக் கேட்டு, அந்த வீட்டுத் தமிழ்ப் பெண் ஒரு கிழமை என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

நான் சட்டிகளை வெளியே எடுத்து வைத்தேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்து இருநூறு பாகையில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு மணம். வேயெ இன்னும் உள்ளே போகவே இல்லை.

மனைவி வதனி ஓடிவந்தார். “இஞ்சருங்கோ, என்ர இடியப்பத் தட்டு!”

கீழ்த் தட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகள் பன்னிரண்டு இருந்தன. நீலம் நாலு, சிவப்பு நாலு, பச்சை நாலு. இப்போது ஒன்றுதான் இருந்தது. மூன்று நிறத்திலும்.

“குசினிக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

“பழகிறன்.”

“எதைப் பழகிறியள்? வீடு கொளுத்தவோ?”

அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்தது. இடியப்பம் பிறகு இரண்டு மாதம் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து ஆள் புதுத் தட்டுக் கொண்டு வரும்வரை.

அடுத்த கிழமை வேயெ சரியாக வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு முழுத் தட்டை முடித்தோம். ஒன்றரைக் கிலோ வெங்காயம். அடுத்த நாள் காலை பஸ்ஸில் நான் எவரும் இல்லாத கடைசி ஆசனத்தில் இருந்தேன். மகள் அபி ரயிலில் நின்றுகொண்டே போனாளாம். அந்தக் கலவைக்குப் பெயர் வைத்தவன் ஒரு தமிழனாகத்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

தீபாவளியும் மறோனியும்

சுடுகிற பண்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மறோனி. இலையுதிர்காலத்தில் ஸ்ரேசனுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில் சுட்டுக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்களே, அந்தக் கொட்டை. பலாக்கொட்டையைச் சுட்டது போல இருக்கும், ஆனால் இனிப்பு.

தீபாவளியன்று பின்னேரம் ஒரு தட்டு நிறைய மறோனியை அவனில் வைத்தேன். ஒவ்வொன்றின் ஓட்டிலும் கத்தியால் ஒரு கீறல் போடவேண்டும் என்று ஷெஃப் சொன்னது ஞாபகம் இருந்தது. போடுவதற்குத்தான் பஞ்சியாக இருந்தது.

சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த நேரம் முதல் வெடி. பிறகு சரவெடி. வெடி கொளுத்தினால் மேல்வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிக்கிற நாட்டில், எங்கள் குசினிக்குள் ஒரு முழுத் தீபாவளி நடந்தது. மேல்வீட்டுக்காரர் இறங்கியும் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“மறோனியா?” என்றார்.

“ஓம்.”

“கீறவில்லையா?”

தலையை ஆட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். வெடிக்காமல் தப்பிய ஏழு கொட்டையையும் அவருக்கே கொடுத்தோம். வெடித்தவற்றை அவன் சுவரிலிருந்து சுரண்டி எடுக்க இரண்டு நாள் எடுத்தது.

கந்தசஷ்டி தொடங்கியதும் மனைவி விரதம். ஆறு நாளும் பகலில் ஒன்றும் இல்லை, பின்னேரம் ஒரு நேரச் சாப்பாடு. நான் பூசணியைத் தோலோடு பிறை பிறையாக வெட்டி, நல்லெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், பெருஞ்சீரகம் பிரட்டி அவனில் வாட்டினேன். பக்கத்தில் கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு. கரையெல்லாம் கருகி, நடுவில் களி போல இளகி வரும். ஊரில் பூசணி என்றால் குழம்பில் கரைந்து காணாமல் போகிற மரக்கறி. இங்கே அதற்கு ஒரு முகம் வந்தது.

மனைவி ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்தார்.

“நாளைக்கும் செய்யுங்கோ” என்றார்.

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. பிறகு அது எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடாகிவிட்டது. வேலையால் வந்து வெட்டிப் போட்டால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். இப்போது எங்கள் தாச்சிகள் கட்டிலுக்குக் கீழே வாழ்கின்றன.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த எட்டாவது வியாழனில், ஆறு தட்டுகளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது எனக்குப் போனது வேலை மட்டும் இல்லை. ஒரு வேலையில் நான் முதல் முறையாகக் கெட்டிக்காரனாக இருந்தேன். அதுவும் போகப் பார்த்தது.

முப்பத்தைந்து நிமிடம்

ஷெஃப் தன் சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்து மேசையில் சிவப்புக் கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, வெட்டத் தொடங்கினார். வழக்கத்தைவிடச் சின்னதாக வெட்டினார். ஒரு சொல் கதைக்கவில்லை. ‘ஸ்’ வராத சொல்லைக் கூடச் சொல்லவில்லை.

அவன் மணிக்கூட்டில் மிச்சம் முப்பத்திரண்டு நிமிடம்.

பவானி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். முகத்தில் சாமியும் இல்லை, பகிடியும் இல்லை.

“தம்பி, பல்லைப் பாத்துச் சிரிக்கேல்லை எண்டு சொல்லுமன்.”

“சொன்னான் தானே, அக்கா. நம்பேல்லை.”

“அப்ப ஏன் சிரிச்சனீர் எண்டு சொல்லும்.”

“அதை எப்பிடி அக்கா சொல்லுறது?”

“வாயால.” கொஞ்சம் யோசித்தார். “இல்லாட்டி நான் போய்ச் சொல்லட்டோ? சொல்லத் தெரியாட்டி செய்தும் காட்டுவன்.”

“வேண்டாம் அக்கா!”

“என்னாலதான் உமக்கு இது. எனக்கு வேலை போனா வேற இடத்தில கழுவுவன். கோப்பை எங்கயும் கோப்பைதான். உமக்கு அப்பிடியில்லை. போம்.”

போகலாம். ஆனால் எனக்கு அதற்கு டொச்சில் சொல் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அனுப்பிய டொச் வகுப்பில், என் பெயர் இது, நான் இங்கே வசிக்கிறேன், எனக்குத் தலை வலிக்கிறது, ரயில் எத்தனை மணிக்கு என்று எல்லாம் படிப்பித்தார்கள். இதைப் படிப்பிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஒரு நாட்டில் வாழ்ந்துவிட்டு, எல்லா மனிதரும் எல்லா நாளும் செய்கிற ஒரு காரியத்துக்கு என்னிடம் சொல் இல்லை.

இருபத்தாறு நிமிடம். குளிர் அறைக்குள் போய் மகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். அபி அப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தாள்.

“அப்பா? நான் வேலையில. என்ன, ஏதும் நடந்ததோ?”

“ஒண்டுமில்லை, பிள்ளை. ஒரு சொல் வேணும். டொச்சில.”

“என்ன சொல்?”

அவள் பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ‘காத்து’ என்றுதான் பெயர். நான் கரட் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“காத்து.”

“வின்ட்.”

“அந்தக் காத்து இல்லை.”

“வேற எந்தக் காத்து?”

“வயித்துக் காத்து.”

அவளுடைய குரல் மாறியது. “அப்பா, உங்களுக்கு வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ? எத்தினை நாளா? எங்கட்ட நல்ல மருந்து இருக்கு, பின்னேரம் கொண்டு வாறன்.”

“எனக்கில்லை, பிள்ளை. ஷெஃபுக்கு.”

“ஷெஃபுக்கோ?”

“அவருக்குமில்லை! சொல்லு மட்டும்தான் வேணும். குசு! குசுவுக்கு டொச்சில என்ன?”

 அவள் மிகத் தெளிவாக, மருந்துக்கடைக் குரலில் சொன்னாள். “ஃபுர்ட்ஸ்.” உடனே கடைக்கு வந்த யாரிடமோ டொச்சில் மன்னிப்புக் கேட்டாள். “உங்களுக்கில்லை, அம்மா. அது என்ர அப்பா.”

ஷெஃபும் நானும்

பதினொரு நிமிடம். அவனுக்குள் வெங்காயம் பொன்னிறமாகி, கலவை நடுவில் மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. நல்ல வேயெ. கண்ணாடியால் பார்த்தாலே தெரிந்தது. அதைப் பார்த்தபடிதான் நான் கதைத்தேன். மனிதர் முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

“ஷெஃப்.”

கத்தி நிற்கவில்லை.

“குஸ். எங்கட மொழியில. தமிழில. குசு எண்டு ஒரு சொல் இருக்கு.”

கத்தி நின்றது.

“அது... ஃபுர்ட்ஸ்.”

“என்ன?”

“ஃபுர்ட்ஸ், ஷெஃப். நீங்கள் ‘இப்ப குஸ்’ எண்டு சொல்லேக்க எங்களுக்கு ‘இப்ப ஃபுர்ட்ஸ்’ எண்டு கேக்குது.”

அவர் பவானி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பவானி அக்கா கோயிலில் சத்தியம் செய்கிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டினார்.

“எப்ப தொடக்கம்?”

“முதல் வியாழன் தொடக்கம்.”

“எட்டுக் கிழமையா?” அவர் மேலே பார்த்தார். எட்டுக் கிழமையும் தான் சொன்னதையெல்லாம் திருப்பி ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. “குஸ்தான் வேயெயின்ர உயிர் எண்டு சொன்னனான்.”

“ஓம், ஷெஃப்.”

“மெல்ல, ஆறுதலா விடவேணும் எண்டு...”

“ஓம்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கை மறுபடியும் வாய்க்குப் போனது.

“அப்ப பல்லு இல்லை?”

இங்கேதான் நான் தப்பியிருக்கலாம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. என்னைப் போன்ற கூச்சக்காரர்களுக்கு மிக வசதியான சொல் அது. பசிக்கிறதா, இல்லை. குளிர்கிறதா, இல்லை. கோபமா, இல்லை. வாழ்க்கை முழுக்க அதைச் சொல்லியே ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் எட்டுக் கிழமையாக இந்த மனிதர் எங்களால் இன்னும் கூடுதலாக வாயை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறார். இன்னொரு பொய் சொன்னால் அது அவருக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

“பல்லும்தான், ஷெஃப்,” என்றேன். “பல்லால அது இன்னும்... உண்மை மாதிரி வருது.”

 ஷெஃபின் முகம் கோவாவின் நிறத்துக்கு வந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டார். மேசையை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தப் பெரிய தோள் குலுங்கத் தொடங்கியது.

முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் நல்ல பழக்கம்.

“குஸ்ஸ்ஸ்,” என்றார் தனக்குள். கேட்டுப் பார்ப்பவர் போல. மறுபடியும், “குஸ்ஸ்ஸ்.” பிறகு நிற்க முடியாமல் கோவாக் குவியலுக்கு மேல் கவிழ்ந்துவிட்டார்.

அவன் மணி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பவானி அக்காதான் ஈரக்கையோடு ஓடிவந்தார். “சிரிச்சது காணும், கருகப்போகுது! எடும் தம்பி, எடும்!”

எடுத்தேன். ஆறும் அருமையாக வந்திருந்தன. மூன்றாவது மட்டும் ஒரு பக்கம் சப்பை.

சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள். முதியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஐம்பது அறுபது பேர். விருந்து நாளில் ஷெஃப் நடுவில் நின்று அன்றைய சாப்பாட்டை வாசித்துக் காட்டவேண்டும் என்பது அங்கே வழக்கம். கண்ணைத் துடைத்து, வெள்ளைச் சட்டையின் தெறியை எல்லாம் பூட்டிக்கொண்டு போனார். கதவடியில் தட்டோடு நானும் பவானி அக்காவும்.

பூசணிச் சூப்பை வாசித்தார். சிவப்புக் கோவாவை வாசித்தார். மறோனியை வாசித்தார். அடுத்த வரியில் நின்றார். “வெங்காய வேயெ,” என்றார். “கிறீம்...” அதற்கு மேல் வரவில்லை. கடதாசி நடுங்கியது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் காதுக் கருவியைத் திருகிப் பார்த்தார்.

ஷெஃப் திரும்பி நேராக என்னிடம் வந்து கடதாசியை நீட்டினார்.

“நீ வாசி.”

“நானோ?”

“ஷெஃபால ஏலாட்டி உதவிச் சமையல்காரன்தான் வாசிக்கவேணும். அது அவன்ர வேலை.”

தட்டைப் பவானி அக்காவிடம் கொடுத்தேன். மண்டபத்தின் நடுவுக்கு நடந்தேன். கட்டுவதற்கு லேஸ் இல்லாத சப்பாத்து அன்றைக்கு. அறுபது முகம் என்னைப் பார்த்தது. கடதாசியை உயர்த்திப் பிடித்து, வெங்காய வேயெ, கிறீம் குஸ்ஸோடு என்று முழுவதும் வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. சிரிக்கவுமில்லை.

கதவடியில் நின்ற இரண்டு பேரும்தான் சிரித்தார்கள். அதில் ஒருவர் வாயை மூடவில்லை.